ஈரத்தை மேலே வையுங்கள்

 

கணிப்பொறிக்கு மூளை போன்றது பிராசசர் என்னும் சிறு சில்லு. எம் ஜவுளிக் கடையில் ஒன்றும் இல்லத்தில் ஒன்றுமாக இரு கணிப்பொறிகள் உண்டு. இரண்டின் சில்லுகளும் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள். உத்தரவாதக் காலத்திற்குள்ளேயே இரண்டும் பழுதுற்றன.

ஒரு நிறுவனம் பில்லையும் வரிசை எண்ணையும் மட்டும் கேட்டு, இரு வாரங்களில் புதியதை அனுப்பிற்று. மற்றதோ சோதனைமேல் சோதனை செய்யச் சொல்லிற்று. இறுதியில், "குறை உங்கள் மதர்போர்டில் இருக்கலாம்" என்று கைவிரித்தது. இரண்டு மாதம் அலைந்து, சொந்தப் பணத்தில் வேறொன்று வாங்கினேன்.

இத்துறையில் இது புதிதன்று. 1994ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இன்டெல்லின் பெண்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளில் தவறுவதைக் கண்டார். சாதாரணமாகப் பயன்படுத்துவோருக்கு இப்பிழை 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே நேரும் என்றது நிறுவனம். தேவையை மெய்ப்பிப்போருக்கே மாற்றித் தருவதாகவும் கூறிற்று. மக்கள் கொதித்தெழுந்தனர். டிசம்பர் 20 அன்று, கேட்போர் அனைவருக்கும் மாற்றித் தர அது இசைந்தது. அதற்கென ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்!

பிழையைவிட, "மெய்ப்பித்துக் காட்டு" என்ற சொல்லே மக்களைச் சுட்டது. என்னையும் அதுவே சுட்டது.

அந்தச் சினத்தோடு கல்லாவில் அமர்ந்திருந்தபோது, பழைய நினைவொன்று நெஞ்சில் தைத்தது. பெருநாளுக்கு மகளுக்கு வாங்கிய துணி சாயம் போய்விட்டதென்று ஒரு சகோதரி வந்தார். "துவைத்த முறையில்தான் தவறு" என்று கூறி அனுப்பிவிட்டேன். எனக்குச் சொல்லப்பட்ட அதே பதில்!

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். அறிந்து என்ன பயன்?

மறுநாள் அச்சகோதரியின் இல்லம் தேடிச் சென்று பணத்தை நீட்டினேன். "பணம் இருக்கட்டும் அண்ணே. நான் பொய் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டீர்களே, அதுவே போதும்" என்றார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இன்று, சாயம் போகக்கூடிய துணிகளின்மேல் அதனை எழுதியே வைக்கிறோம். விற்பனை சற்றுக் குறைந்துள்ளது. உறக்கம் நன்றாக வருகிறது, அல்ஹம்து லில்லாஹ்.

உங்கள் குவியலுக்குள்ளும் ஒருமுறை கையை நுழைத்துப் பாருங்களேன். வஸ்ஸலாம்.