பன்னிரண்டு மீட்டர்

அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தில் சைக்கிள் பகுதிக்கு ஒரு விதி உண்டு. முன்னால் போகிறவரின் முன்சக்கரத்திலிருந்து உங்கள் முன்சக்கரம் 12 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதற்கும் கிட்டே போனால் உடனே முந்திவிட வேண்டும். ஒட்டிக்கொண்டே போனால் அபராதம். முன்னால் போகிறவர் காற்றைத் தாங்கிக்கொள்ள, பின்னால் வருகிறவர் அந்த மறைவில் மிதித்தால் கால்வாசி உழைப்பாவது மிச்சமாகும். டிராஃப்டிங் என்பார்கள். இந்த விளையாட்டில் அது ஏமாற்று வேலை.

நாங்கள் நான்கு பேரும் பதினான்கு மாதங்களாக அந்த ஏமாற்று வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஞாயிறு விடிகாலை நாலரைக்குத் திருவான்மியூரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பத்து நிமிடத்துக்கு ஒருத்தி முன்னால் போவாள், மற்ற மூவரும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வோம். போட்டிக்கு இது உதவாது, தனித்தனியாக ஓட்டிப் பழகுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த இருட்டில் தனித்தனியாக எந்தப் பெண் போவாள்?

டீச்சருக்கு அப்போது 52 வயது. அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். அக்கா நர்ஸ், சனிக்கிழமை நைட் டியூட்டி மாற்றிக்கொள்ள மாதத்துக்கு இரண்டு பேரிடம் கெஞ்சுவார். பாப்பா ஐ.டி.யில் இருக்கிறாள், எங்களில் இளையவள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கு அது பிடிக்காது. நான் 43 வயதில், இரண்டு பிள்ளைகளோடு, அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்துப் பிழைக்கிறவள். கோவாவில், மாண்டோவி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மிராமர் கடற்கரையில் தொடங்கும் டிரையத்லான் ஒன்றுக்கு நால்வரும் பணம் கட்டியிருந்தோம். கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் 21.1 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள். 'அயர்ன்மேன்' தூரத்தில் சரிபாதி. பெயரிலேயே மேன். 1978இல் ஹவாயில் முதல்முறை நடந்தபோது கிளம்பிய 15 பேரும் ஆண்கள்தான். மறுவருடம் லின் லெமேர் என்கிற பெண் ஒருத்தியாகப் போய் ஐந்தாவதாக வந்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் ஓட 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1500 மீட்டர் நீச்சலுக்கு, நம்ப மாட்டீர்கள், 2021 வரை.

எங்கள் வீடுகளில் இந்த வரலாறெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. "ஞாயித்துக்கிழமை டிபனுக்கு என்ன பண்றது?" என்பதுதான் கேள்வி. அதே சாலையில் எங்களைத் தாண்டிப் போகும் ஆண்கள் குழுக்கள் ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுவார்கள். நாங்கள் ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய் இட்லி ஊற்றுவோம். ஆண்கள் வழியில் எந்த மரத்தடியிலும் நிற்கலாம். நாங்கள் பெட்ரோல் பங்க் கழிப்பறை திறந்திருக்குமா என்பதை வைத்துத்தான் எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்றே முடிவு செய்தோம். வெயிலில் நான்கு மணி நேரம் மிதிக்கிறவள் தாகத்துக்குக் குடிக்காமல் கழிப்பறைக்குப் பயந்து குடிக்கிறாள் என்றால் அது என்ன பயிற்சி?

எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தது டீச்சர். நாங்கள் போன குளத்தில் 'லேடீஸ் பேட்ச்' காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணும் வர முடியாத நேரமாகப் பார்த்து வைத்திருந்தார்கள். அதனால் ஆறு மணிப் பொது பேட்சுக்குப் போனோம். டீச்சர் முந்திவிட்டால் பக்கத்து ஆள் உயிரைக் கொடுத்து அடுத்த சுற்றை நீந்துவார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார். டீச்சர் கண்டுகொள்ள மாட்டார். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக் கிணற்றில் அண்ணன்களோடு குதித்துப் பழகியவர். 12 வயதில் பெரியவளான அன்றோடு கிணறு முடிந்தது. 'இனிமே தண்ணி இறைக்க மட்டும்தான் கெணத்துப் பக்கம் போகணும்' என்று அவர் அப்பத்தா சொன்னாராம். மறுபடி தண்ணீரில் இறங்கியபோது டீச்சருக்கு வயது 48. கை கால் எதுவும் மறந்திருக்கவில்லை என்று சொல்லும்போது மட்டும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும்.

சைக்கிளும் அப்படித்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் எழுத்தறிவு வேலையின் பகுதியாக்கினார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டிப் பழகினார்கள். கல்லூரி முடித்த கையோடு டீச்சர் அதில் தொண்டராகச் சேர்ந்தார். பின்னால் கேரியரைப் பிடித்தபடி ஓடி வந்த பெண் எப்போது கையை விட்டாள் என்று தெரியாமலே முக்கால் மைல் ஓட்டிய கதையை எங்களுக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார். ஓட்டத் தெரிந்தபின் அவர் கற்றுக் கொடுத்த பெண்களின் கணக்கு அவரிடமே இல்லை. கணக்கு டீச்சர்!

கடைசிக் கோட்டை நால்வரும் கைகோத்துத் தாண்டுவது என்று முடிவு செய்திருந்தோம். முன்னால் வருகிறவள் காத்திருக்க வேண்டும். பாப்பாதான் ஒரு நாள் போனில் ஒரு செய்தியைக் காட்டினாள். 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் ஒலிம்பிக்குக்கான முன்னோட்டப் போட்டி. முதலாவதாக வந்த இரண்டு பிரிட்டிஷ் பெண்கள், ஜெஸ் லியர்மந்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன், வேண்டுமென்றே கைகோத்து ஒன்றாக முடித்தார்கள் என்பதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். வெற்றி ஃப்ளோரா டஃபிக்குப் போனது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாம வர்ற நேரத்துக்கு நம்மள யாரு பாக்கப் போறா?"

போட்டியன்று காலையில் பாப்பாவுக்கு மாதவிடாய். கப் வைத்துக்கொண்டு, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள். அலை நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. நான் உப்புத் தண்ணீர் குடித்து, மிதவையைத் தவறவிட்டு, 1 மணி 2 நிமிடத்தில் கரையேறினேன். இன்னும் எட்டு நிமிடம் தாமதித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். டீச்சர் 44 நிமிடத்தில் முடித்துவிட்டுச் சைக்கிளில் போயிருந்தார்.

அவரை நான் பிடித்தது அறுபதாவது கிலோமீட்டரில். ஒரு மேட்டில் தூரத்திலிருந்தே முதுகை அடையாளம் தெரிந்தது. பெடலை வலது காலால் மட்டும் அழுத்திக்கொண்டிருந்தார். இடது முட்டி போய்விட்டது. பக்கவாட்டில் வந்து, "டீச்சர்" என்றேன். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் முப்பது கிலோமீட்டர். கையில தொண்ணூத்தெட்டு நிமிஷம். நான் பதினஞ்சுலதான் போறேன். கணக்கு வரல புள்ள. நீ போ."

கிளம்பியதிலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்குள் சைக்கிளை முடிக்காதவர்களை ஓட விடமாட்டார்கள். மணிக்குப் பதினெட்டரை வேகத்தில் போனால் அவர் தப்பித்திருப்பார். அந்த வேகத்தில் நான் முன்னால் போய், அவர் என் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், ஒருவேளை முடிந்திருக்கும். மோட்டார் சைக்கிளில் அலையும் நடுவர் பார்த்தால் ஐந்து நிமிட அபராதம் பின்னால் வருகிற டீச்சருக்குத்தான், எனக்கு இல்லை. பார்க்காமலே போயிருக்கலாம். என் நஷ்டம் கால் மணி நேரம். இந்தக் கணக்கையெல்லாம் நான் வீட்டுக்கு வந்தபின்தான் போட்டேன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அந்த மேட்டிலேயே போட்டுவிட்டேன்.

போட்டுவிட்டு, போனேன்.

ஒரு விஷயத்தை இங்கே எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. மேட்டைத் தாண்டி இறக்கத்தில் சைக்கிள் வேகமெடுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வருத்தத்தோடு கலந்த சந்தோஷம்கூட இல்லை. இருபது வருடமாக எல்லோரும் சாப்பிட்டு முடிக்கக் காத்திருந்து, எல்லோரும் தூங்கக் காத்திருந்து, பிள்ளைகள் செருப்பு மாட்டும் வரை வாசலில் நின்று பழகிய உடம்பு அது. அன்று யாருக்காகவும் நிற்கவில்லை. பல்லில் காற்று படும்படி சிரித்துக்கொண்டே இறங்கினேன். அந்தச் சந்தோஷத்தை நான் எடுத்துக்கொண்டது கணவரிடமிருந்தோ மாமியாரிடமிருந்தோ அல்ல, எனக்கு நீந்தக் கற்றுக் கொடுத்த பெண்ணிடமிருந்து. பெண்கள் பெண்களுக்காக நிற்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறோம், நானும் பேசியிருக்கிறேன். அந்த இறக்கத்தில் இந்த வாக்கியத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில், உப்பு, ஐஸ், பாதிக்கு மேல் நடை. 8 மணி 6 நிமிடத்தில் முடித்தேன். பாப்பாவும் அக்காவும் முன்பே வந்து, கோட்டுக்கு இந்தப் பக்கமே எங்களுக்காக நின்றிருக்கிறார்கள். அங்கே நிற்கக் கூடாது என்று தன்னார்வலர்கள் சொல்ல, ஒருவர் பின் ஒருவராகத் தாண்டிவிட்டார்கள். நான் தனியாகத்தான் தாண்டினேன்.

டீச்சர் 22 நிமிடம் தாமதமாகச் சைக்கிளை முடித்திருந்தார். சொன்ன கணக்கு அப்படியே. கணுக்காலிலிருந்த சிப்பை ஒரு கல்லூரிப் பையன் குனிந்து கழற்றிக்கொண்டு, "சாரி ஆன்ட்டி" என்றானாம். நான் போனபோது பிளாஸ்டிக் நாற்காலியில் முட்டியில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தார். என் பதக்கத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "நல்ல கனம்" என்றார். சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வாடகை வேனில் சென்னை திரும்பும் வழி முழுக்க அவர் பேசியது டிரைவரிடம் மட்டும்தான், டீசல் விலை பற்றி.

அதன்பின் மூன்று வாரம் போன் எடுக்கவில்லை. 'முட்டி வலி, டாக்டரிடம் போகிறேன்' என்று குழுவில் ஒரு செய்தி மட்டும் போட்டார். அவர்தானே போகச் சொன்னார் என்று அக்கா எனக்காகப் பேசினார். பாப்பா பேசவில்லை. 'நானா இருந்தா நின்னிருப்பேன்' என்று அவள் சொல்லாததே எனக்குக் கேட்டது. அவள் 6 மணி 40 நிமிடத்தில் முடித்தவள், நிற்கும் நிலைமை அவளுக்கு வரவில்லை என்று நானும் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டேன். எங்கள் குழுவில் இதெல்லாம் உண்டு. நாங்கள் ஒன்றும் போஸ்டர் அல்ல.

நான்காவது ஞாயிறு நாலரை மணிக்குத் திருவான்மியூரில் டீச்சர் நின்றிருந்தார், இடது முட்டியில் கட்டோடு. அக்கா டியூட்டியில், பாப்பா ஊரில். நாங்கள் இருவர் மட்டும். டயரை அழுத்திப் பார்த்தபடி கேட்டார்:

"போன்னு நான்தான் சொன்னேன். ஒரு தடவையாவது திரும்பிப் பாத்தியா?"

"இல்ல டீச்சர்."

"ம்."

கொஞ்ச நேரம் ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு பால் வண்டி எங்களைத் தாண்டிப் போனது.

"பாத்திருந்தா விழுந்திருப்பேன் டீச்சர். எனக்குத் திரும்பிப் பாத்து ஓட்ட வராது, உங்களுக்குத் தெரியும்ல" என்றேன். அது உண்மைதான், ஆனால் அது காரணமில்லை என்று அவருக்கும் தெரியும்.

"வராதுதான்" என்றார். "அதையும் பழகணும்." பிறகு தெற்கே கையைக் காட்டினார். "காத்து எதுர்ல இருக்கு. நீ முன்னாடி போ, நான் ஒட்டிக்கிறேன். பதினெட்டுக்கு மேல போனேன்னா கூப்பிடுவேன்."