குற்றம் விரலில் இல்லை

பிள்ளைகளைத் திட்டிப் பழகிய வாய் எனக்கு. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகச் சுண்ணக்கட்டி பிடிப்பவன் வேறு எப்படி இருப்பான்? ஆனால், சென்ற ஆண்டு சுங்கை வேயில் நான் திட்டிய திட்டு, விழக்கூடாத இடத்தில் விழுந்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் அக்காள் மகன் அங்கே அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். தொழிற்சாலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய பேஸ் கித்தார் ஒன்றை 600 வெள்ளிக்கு வாங்கினான். “இது சோறு போடுமா?” என்று அவன் தகப்பனாருக்குக் கோபம். இளமையில் நானும் இசைக்குழுவில் பேஸ் வாசித்தவன். பையனுக்காகப் பரிந்து பேசினேன்.

ஒரு திருமண விருந்தில் அவனுக்கு முதல் மேடை. 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வை எடுத்தார்கள். மண்டபம் முழுக்க ‘கும்… கும்…’ என்று ஒரே முழக்கம்! பாடகர் வாயசைப்பது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. அக்காள் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். நானோ நாலு பேர் முன்னிலையில், “விரலில் சுத்தமில்லை. பயிற்சி பற்றாது” என்று சொல்லிவிட்டேன். பையன் முகம் கறுத்துவிட்டது.

மறுநாள், கித்தாரை விற்கப் போகிறானாம் என்று அக்காள் தொலைபேசியில் அழுதாள். உடனே ஓடினேன். கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

ஃபெண்டர் நிறுவனம் 1960-ல் வெளியிட்ட ஜாஸ் பேஸைப் பார்த்துச் செய்த கருவி அது. இரண்டு பிக்கப், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலிக்குமிழ், மூன்றாவதாக டோன் குமிழ். பிக்கப் என்பது வேறொன்றுமில்லை, மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய காந்தம். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது, அந்தச் சுருளில் சிறு மின்சாரம் பிறக்கிறது. கழுத்துப் பக்கம் தந்தி அகலமாக ஆடும். ஒலி கனமாக வரும். பிரிட்ஜ் பக்கம் ஆட்டம் குறைவு. ஒலி மெலிந்து தெளிவாக வரும். டோன் குமிழோ எதையும் கூட்டுவதில்லை. மூடினால் மேல் ஒலிகளைக் கழித்துவிடும், அவ்வளவே.

பையன் கழுத்துப் பிக்கப்பை முழுக்கத் திறந்து, மற்றதையும் டோனையும் அடியோடு மூடி வைத்திருந்தான். சின்ன அறையில் தனியே மெதுவாக வாசிக்கும்போது அது இனிமைதான். ஆனால் தடித்த தந்தியின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 41. மண்டபத்துச் சுவரில் மோதி அந்த ஒலி தங்கி நிற்கும். இது எந்தச் சுரம் என்று காதுக்குத் தெளிவாக எடுத்துச் சொல்பவை அதனோடு எழும் மேல் ஒலிகள். அவற்றை மூடிவிட்டால் மிஞ்சுவது முழக்கந்தானே!

இரண்டு பிக்கப்பையும் சமமாகத் திறந்தேன். இரு சுருள்களும் எதிரெதிராக அமைந்த கருவியில் இப்படி வைத்தால் இரைச்சலும் அடங்கும். டோனைப் பாதி திறந்து, ஒலிபெருக்கியில் கீழ் ஒலியைக் குறைத்தேன். அடுத்த ஒத்திகையில், குழு முழுவதும் வாசிக்க, நான் கடைசி வரிசையில் போய் நின்றேன். பாட்டும் கேட்டது, பையனின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே கேட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், வீட்டில் பிடித்த அளவை மேடைக்குக் கொண்டு போக விடாதீர்கள். யாராவது ஒருவர் கடைசி நாற்காலியிலிருந்து கேட்டுச் சொல்லட்டும்.

“அப்போ என் விரல்ல தப்பு இல்லியா, மாமா?” என்றான் பையன்.

“இல்லப்பா. பார்க்காம பேசுனது என் தப்பு” என்றேன், அவன் தகப்பனார் காதில் விழும்படி.

அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த நிகழ்ச்சிக்கு அந்தக் கனத்த ஒலிபெருக்கியை மாடியிலிருந்து இறக்கி வந்தவர் அவர்தான்.