வரிசையில வாங்க!

மக்களே, ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுல ஒண்ணு நானே அடிச்சுக்கிட்ட ஆணி.

எங்ககிட்ட ஜென்கின்ஸுக்கு இருக்கிறது நாலே மிஷின். யார் செக்கின் பண்ணாலும் டெஸ்ட் க்யூவுல நிக்கும், முதல்ல வந்தது முதல்ல. சாயங்காலமானா ரெக்ரஷன் டீம் மூணு மணி நேர ஜாப் நாலை ஏத்தி விடும். பின்னாடி என் அஞ்சு நிமிஷ டெஸ்ட் தேமேன்னு நிக்கும். ஈ.பி. ஆபீஸ்ல முன்னாடி நிக்கிற புண்ணியவான் தெருவுக்கே கார்டு கொண்டு வந்திருப்பாரே, அந்தக் கதைதான்.

ப்ரையாரிட்டி சார்ட்டர்னு ஒரு ப்ளக்இன் இருக்கு. சின்னதுக்கு 1, பெரிசுக்கு 5னு வச்சேன். டேமேஜர் முதுகுல தட்டினார். மறுநாளும் அதே கூத்து! அந்த நம்பர் வரிசையில நிக்கிற வரைக்கும்தான் செல்லும். மிஷின்ல ஏறி உக்காந்த ஜாபை அது இறக்கி விடாது. சரின்னு ரெக்ரஷனை இருபது நிமிஷத் துண்டுகளா வெட்டினேன். நடுவுல சின்னதெல்லாம் நுழைஞ்சு போச்சு. நமக்கு ஒரே பெருமை (ஹிஹி).

மெமரி லீக் டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ஆறு மணி நேரம், வெட்ட முடியாது. பார்த்துக்கிறது எதுக்கும் சத்தம் போடாத ஒரு பொண்ணு. அதுக்கும் 5தான் குடுத்திருந்தேன். ரிலீஸ் வாரம், பகல்ல நாங்க, ராத்திரி அமெரிக்கா டீம்னு செக்கின் மேல செக்கின். நாலு நாள் அது ஓடவே இல்லை. ஃபெயிலானா சிவப்பு எரியும். ஓடாத டெஸ்டுக்கு ஏது சிவப்பு?

கஸ்டமர் சர்வர் படுத்துடுச்சு. மீட்டிங்ல "ஏம்மா டெஸ்ட் பண்ணலை?"ன்னு அந்தப் பொண்ணைத்தான் நிக்க வச்சுக் கேட்டாங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். வாயைத் திறக்கலை. சாயங்காலம்தான் 'தப்பு என் செட்டிங்குல'ன்னு எல்லாருக்கும் மெயில் போட்டேன். மீட்டிங்லயே சொல்லியிருக்கணும்.

இத்தனைக்கும் ஸ்டார்வேஷன், ஏஜிங் எல்லாம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல 16 மார்க்குக்கு எழுதினவன். காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமை ஏறணும், அவ்வளவுதான் விஷயம்.

இப்போ ராத்திரி 11 மணிக்கு ஒரு மிஷின் அந்த டெஸ்டுக்கே. ஒரு நாள் எது ஓடலைன்னாலும் எல்லாருக்கும் மெயில் போகும். நேத்து டேமேஜர் வந்து, "என் ஜாப் நிக்குதேப்பா, 1 போட்டு விடேன்"னார். "வரிசையில வாங்க சார்"னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் அப்ரைசல். அவ்வ்வ்வ்...