கெபினுக்கு மேல் ஒரு கூரை

பள்ளி விடுமுறையை எப்படிக் கழித்தீர்கள் என்று சிலர் கேட்டிருந்தனர். கூரையின் மேல் கழித்தேன்.

பெம்பானில் என் வீட்டின் பின்புறம் பழைய இரும்புக் கெபின் ஒன்று இருக்கிறது. கப்பலில் சரக்கேற்றி வந்த 20 அடிப் பெட்டி அது. சன்னல் வெட்டி, மின்விசிறி மாட்டி, பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தி வருகிறேன். பெம்பானுக்கு வெந்நீர் ஊற்றால் பெயர் உண்டு. பிற்பகல் மூன்று மணிக்கு அக்கெபினுக்குள் நுழைந்தவர்கள் அதையே இரண்டாவது ஊற்று என்பர். "சார், பிள்ளைக்குத் தலை வலிக்குதாம். வெயில் தாழ்ந்து அனுப்பட்டுமா?" என்று ஒரு தாய் தயங்கியபடி கேட்டார். வெட்கமாகப் போயிற்று. தோட்டத்து லயத்தில் தகரக் கூரையின்கீழ் வளர்ந்தவன் நான். அதே வெக்கையை இப்பிள்ளைகளுக்கு விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தேன்.

உடனே இரும்புக் கூரையின் உட்புறம் பாறைப்பஞ்சு வைத்து, அதன்கீழ்ப் பலகை அடித்தேன். தோட்டத்தில் தச்சுவேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர், "வாத்தியாரே, உள்ள வெச்சா ராத்திரி வேர்க்கும்" என்றார். இரும்புக்கு வேர்க்குமா என்று சிரித்தேன்.

வேர்த்தது. மேகமற்ற இரவில் உலோகக் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. ஈரக்காற்று பஞ்சின் ஊடே ஏறி இரும்பைத் தொட்டதும் நீராகிச் சொட்டுகிறது. மழை ஒழுகவில்லையாதலால் பல மாதங்கள் எனக்குத் தெரியவே இல்லை. ஒருநாள் மூலை அலமாரியைத் திறந்தபோது பூசண வாடை அடித்தது. மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதிய தோட்டக் கதைகள் அதில் இருந்தன. பால்மரம் வெட்டிய கதை, லயம் காலியான கதை என ஒன்பது ஏடுகள். நான்கே தேறின. மற்றவற்றில் மை கரைந்து தாள்கள் ஒட்டியிருந்தன. கதை சொன்ன பாட்டிகளுள் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

முதியவரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரையே துணைக்கு அழைத்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

இம்முறை எல்லாமே தலைகீழ். உட்பஞ்சு முழுவதையும் அகற்றினோம். வெப்பத்தடுப்பை இரும்புக்கு மேலே வைத்தோம். 25 மில்லிமீட்டர் பொலியுரத்தேன் நுரைப்பலகை இரண்டு அடுக்கு. கீழடுக்கின் இணைப்பும் மேலடுக்கின் இணைப்பும் ஒரே கோட்டில் வராதபடி மாற்றி அடுக்கி, விளிம்புகளை அலுமினிய நாடாவால் ஒட்டினோம். இலேசான கூரைகளுக்கு எம்.எஸ். 1525 என்னும் மலேசியத் தரநெறி வகுத்த உச்ச அளவு, ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 0.4 வாட். இந்த 50 மில்லிமீட்டர் அதை ஏறத்தாழ எட்டிவிடும். குளிர்நாட்டார் இதனை 'வெதுவெதுப்பான கூரை' என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இரும்பு எப்போதும் அறையின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கும் என்பதுதான் பொருள். ஆனால் குளிர்சாதனம் பூட்டிய அறையாயின், நம் நாட்டில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வர முயலும். ஆகவே மேற்புற இணைப்புகளை இன்னும் கவனமாக அடைக்க வேண்டும்.

நுரைப்பலகைமேல் நீர்புகாத் தாள், அதன்மேல் சரிவான சட்டங்கள், பிறகு தகரம். கெபினின் அகலம் 8 அடி. இருபுறமும் இரண்டடித் தாழ்வாரம் நீட்டியதால் 12 அடியாயிற்று. 5 பாகைச் சரிவுக்கு ஓரடி உயர வேறுபாடு போதும். தகரத்தின் அடியில் பனி கோத்தாலும் தாளின்மேல் வழிந்து வெளியேறிவிடும். தாழ்வாரம் சுவருக்கும் நிழல் தருகிறது. விடியற்காலையில் வரும் சுமத்திராக் காற்றை நினைத்து, தகரத்தின் மேட்டு வரிகளில் இரப்பர் வளையத்துடன் திருகாணிகளை நெருக்கமாக முடுக்கினார் முதியவர். நான் பாதியிலேயே களைத்துவிட்டேன்.

முதல் மழையன்று நான் வாசித்தது கடைசி வரிசைக்கும் கேட்டது. சில நாள் கழித்து, வானம் தெளிந்த ஓர் இரவு முடிந்து விடியுமுன் உள்ளே சென்று இரும்பைத் தடவினேன். கை நனையவில்லை.

நான்கு ஏடுகளையும் அலமாரியில் திரும்ப வைத்திருக்கிறேன். பாட்டியை இழந்த மாணவி தன் நினைவிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறாள். இதுவரை இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது.