சவுலின் கவசமும் தகப்பனின் பெட்டியும்



நம்முடைய ராமநாதபுரம் மாவட்டம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். நிறையாவிட்டால் பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் புறப்பட வேண்டும். அப்படிப் புறப்பட்டவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகச் சென்று சேர்ந்த இடம் இந்திய ராணுவம். 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்நீத்து, மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது பெற்ற ஹவில்தார் பழனி, திருவாடானை வட்டத்துக் கடுக்கலூர்க்காரர். இன்று உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளமும், மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் இருக்கின்றன. சீருடை அணிந்தோரின் குடும்பங்கள் நம் சபையிலும் உண்டு. இந்த வாரச் சிந்தனை அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் உரியது.

நானும் அத்தகைய வீட்டில் வளர்ந்தவன். என் தகப்பனார் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தார். அவருக்கு எழுதும் கடிதங்களில் ஊர்ப் பெயர் இராது. பெயர், எண், படைப்பிரிவு, '56 ஏ.பி.ஓ.' அவ்வளவுதான். அவர் எங்கே இருக்கிறார் என்று அறியாமலே இரவுதோறும் அவருக்காக ஜெபித்தோம். ஓய்வு பெற்று வந்தபின்பும் ஐந்து மணிக்கு வீடு விழித்தாக வேண்டும். போர்வையின் மடிப்பு கலையக் கூடாது. மூத்த மகன் ராணுவத்துக்குப் போவான் என்பது எங்கள் வீட்டில் யாரும் பேசி முடிவு செய்யாத முடிவு. நான் இறையியல் படிக்க விரும்புகிறேன் என்று சொன்ன நாளில் அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பல நாட்கள் என்னோடு பேசாதிருந்தார்.

அந்நாட்களில்தான் 1 சாமுவேல் 17-ஆம் அதிகாரம் எனக்குப் புதிதாக விளங்கியது. ஈசாயின் வீடும் ஒரு ராணுவ வீடே. எலியாப், அபினதாப், சம்மா என்னும் மூத்த மூவரும் சவுலின் படையில் இருந்தார்கள். கடைக்குட்டியாகிய தாவீது அவர்களுக்கு வறுத்த தானியமும் அப்பங்களும் கொண்டு போனான். அங்கே எலியாப் அவன்மேல் எரிந்து விழுந்தான். சவுலோ தன் கவசத்தையே அணிவித்தார். தாவீது நடந்து பார்த்தான். பழக்கமில்லாததால் கழற்றி வைத்தான்.

பிரியமானவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தாவீது கவசத்தைக் கழற்றினான். களத்தை விட்டுப் போகவில்லை. ஆடு மேய்த்தபோது பழகிய கவணோடும், ஓடையில் பொறுக்கிய ஐந்து கூழாங்கற்களோடும் அதே யுத்தத்துக்குத்தான் போனான். தன் வழியைத் தேடுவது வேறு, கடமையை விட்டு ஓடுவது வேறு.

மதுரை அரசரடிக்கு இறையியல் படிக்க நான் புறப்பட்ட நாளில், தகப்பனார் தம் கறுப்பு ட்ரங்குப் பெட்டியைக் காலி செய்து என் முன் வைத்தார். அதன் மேல் வெள்ளை எழுத்தில் அவர் பெயரும் எண்ணும் இருந்தன. "எங்க நிறுத்தினாலும் போஸ்ட்ட விட்டு நகரக் கூடாது, தம்பி" என்றார். நோயாளியின் கட்டிலருகே விடியும்வரை அமர்ந்திருக்கும் இரவுகளில், அந்த வார்த்தையே என்னை எழுந்து போகாமல் காக்கிறது. அவருடைய சீருடை எனக்கு வரவில்லை; அவருடைய காவல் வந்தது.

சீருடையை விரும்பியும் பெறாதவர் ஒருவரும் நம் கரையில் பிறந்தார். ராமேஸ்வரத்தில் 1931-இல் பிறந்து, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம், விமானப்படை விமானியாக வேண்டுமென்று டேராடூனுக்குத் தேர்வுக்குச் சென்றார். 25 பேரில் 8 பேருக்கே இடம். அவர் ஒன்பதாவதாக வந்தார். அந்த வாசல் அடைபட்டது. விண்வெளி ஆய்வும் ஏவுகணைப் பணியும் அவருடைய களங்களாயின. குடியரசுத் தலைவராக, முப்படைகளின் தலைமைத் தளபதியாக, 2006 ஜூன் 8 அன்று புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தபோது அவருக்கு வயது 74.

வாலிபரே, உங்களுக்குத் திறந்திருக்கும் வாசல் எல்லாம் உங்களுக்குரியது அல்ல. அடைபட்ட வாசலோடு உங்கள் அழைப்பு முடிந்துபோவதும் இல்லை. கர்த்தர் இதுவரை உங்கள் கைகளை எதில் பழக்கியிருக்கிறார் என்று பாருங்கள். சீருடையே உங்கள் வழியென்றால் மனமகிழ்வோடு அணியுங்கள். அல்லவென்றால், பெற்றவரின் முகம் பார்த்து, மரியாதையோடு சொல்லுங்கள்.

பெற்றோரே, சவுலின் பிற்காலம் எப்படியிருந்தாலும் அன்று அவர் ஒரு நன்மை செய்தார்: தம் கவசத்தைக் கழற்றிய இளைஞனைப் போக விட்டார். உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாததை வற்புறுத்தாதீர்கள். பொருந்துவதைக் கொடுத்து அனுப்புங்கள்.

ஆண்டவரே, எல்லையில் விழித்திருப்போரைக் காத்தருளும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அவரவர் வழியைக் காட்டும். ஆமென்.