ரைமன் மண்டபத்து மரவாங்கில் ஓர் இரவு

அமெரிக்காவில் இருந்து திரும்பி வந்த கிழமை எங்கள் பெண்கள் குழுவின் கூட்டம் நடந்தது. பனி பெய்ததா, சோறு கிடைத்ததா, தனியே படுக்கப் பயமில்லையா என்று ஆளுக்கொரு கேள்வி. இரவில் தோழிகளோடு பாட்டுக் கச்சேரிக்குப் போனேன் என்று சொன்னதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு குழுவில் மூத்தவரான ஓர் அம்மா கேட்டார்: "இரவிலையோ? ஆரோட பிள்ளை போனனீ?"

அவருக்கு அன்று முழுவதும் சொல்லி முடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், சமூகப் பணியாளர்களுக்கான மூன்று வாரப் பயிற்சி ஒன்றுக்காக ரெனசி மாநிலத்தின் தலைநகரான நாஷ்விலுக்குப் போயிருந்தேன். அங்கே எனக்கு வாய்த்த தோழிகள் மூவர். ஒருவர் கென்யாவைச் சேர்ந்தவர், ஒருவர் குவாத்தமாலாக்காரி. மூன்றாமவர் அந்த நகரிலேயே வாழும் ஒரு குர்திய இனப் பெண். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் என்பதால் அவரை அக்கா என்றே அழைத்தேன். அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டறிந்த பிறகு அவர் வேறு பெயரில் கூப்பிட விடவில்லை.

அமெரிக்காவில் குர்திய மக்கள் மிக அதிகமாக வாழும் நகரம் நாஷ்வில்தான் என்பது எனக்கு அங்கே போகும்வரை தெரியாது. 1970களில் இருந்தே வரத் தொடங்கியிருக்கிறார்கள். 1991இன் வளைகுடாப் போருக்குப் பிறகு இன்னும் பலர் வந்தார்கள். 1996, 97இல் வட ஈராக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கானோர் பசுபிக் கடலில் உள்ள குவாம் தீவில் மாதக்கணக்கில் தங்கவைக்கப்பட்டு, அதன்பின் அமெரிக்காவுக்குள் எடுக்கப்பட்டனர். அக்கா அப்படி வந்த ஒரு சிறுமி. நகரின் தென்பகுதியில் அவர்களுடைய கடைகள், பள்ளிவாசல், ரொட்டி சுடும் இடம் எல்லாம் இருக்கின்றன. எங்கள் பிளேன்ரீ போலவே சிறிய கண்ணாடிக் குவளையில் தேநீர் தருகிறார்கள்.

கச்சேரிக்கு ரிக்கற் எடுத்துத் தந்ததும் அக்காதான். பிற்பகலே புறப்பட்டு, ஆற்றங்கரையில் இருந்து ஏறும் புரோட்வே என்ற தெருவில் முதலில் நடந்தோம். வீட்டுக்கு வீடு பாட்டுக் கடை என்று சொல்லலாம். காலையில் தொடங்கிய வாத்தியம் நள்ளிரவு தாண்டியும் ஓயாதாம். பெரும்பாலான இடங்களில் உள்ளே போகக் காசில்லை. பாடுகிறவர்களுக்கு வருமானம் கேட்கிறவர்கள் வாளியிலே போடும் பணத்தில்தான் தங்கியிருக்கிறது. ஒரு கடையில் வயலின் வாசித்த இளம்பெண் இடைவேளையில் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தாள். எங்கள் ஊர்க் கோயில் தட்டு நினைவுக்கு வந்தது. நான் இரண்டு டொலர் போட்டேன், மனதுக்குள் அதை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தெருவில் இன்னொரு கூத்து. திருமணம் ஆகப்போகும் பெண்கள் தோழிகளோடு இங்கே வந்து ஒரேயொரு இரவு ஆடிப்பாடிப் போவது வழக்கமாம். வெள்ளைத் துணியைத் தலையில் குத்திக்கொண்டு, பெட்டி திறந்த லொறிகளில் கத்திக்கொண்டு போகிறார்கள். கென்யத் தோழி என்னிடம் குனிந்து, "இவ்வளவு சத்தம் போடுகிறார்களே, கலியாணத்துக்குப் பயந்தா?" என்றாள்.

தெருவுக்குச் சற்று உள்ளே சிவப்புச் செங்கல்லில், தேவாலயம் போன்ற முகப்போடு நிற்கிறது ரைமன் மண்டபம். உண்மையில் அது தேவாலயமாகவே கட்டப்பட்டது. ஆற்றில் நீராவிப் படகுகள் ஓட்டிய தோமஸ் ரைமன் என்ற வணிகர், ஒரு போதகரின் பேச்சைக் கேட்டு மனம் மாறி எழுப்பிய வழிபாட்டு மண்டபம். 1892இல் திறக்கப்பட்டது. பின்னாளில், 1943 தொடக்கம் 1974 வரை, வானொலியில் நாடெங்கும் ஒலித்த கிராண்ட் ஓல் ஒப்ரி என்ற நாட்டுப்புற இசை நிகழ்ச்சி இங்கிருந்துதான் நடந்தது.

வாசலில் பைகளைச் சோதித்தார்கள். காவலர் எதுவும் கேட்க முன்னரே நான் பையைத் திறந்து, இரு கைகளையும் விரித்து நின்றுவிட்டேன். அவர் சிரித்து, போகச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

உள்ளே தனித்தனிக் கதிரைகள் இல்லை. தேவாலயத்து நீண்ட மரவாங்குகள். ஏறத்தாழ 2,300 பேர் அமரலாம். மேல்மாடம் 1897இல் கட்டப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படையினரின் ஒன்றுகூடலுக்காகக் கட்டி, அவர்கள் பெயரையே அதற்கு வைத்தார்களாம். அடிமை முறையைக் காக்க நின்ற படை அது. இந்த இசையின் முக்கிய வாத்தியமான பஞ்ஜோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களிடம் இருந்து வந்தது. அப்படியிருந்தும் அன்றிரவு எங்கள் வரிசையில் கறுப்பினப் பெண் கென்யத் தோழி ஒருத்திதான். சமூகவியல் படித்தவளுக்கு இப்படியான கணக்கெடுப்பு விட்டுப்போகாத பழக்கம்.

ஆனால் அந்தக் கட்டடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது லூலா நாஃப் என்ற பெண்ணின் கதை. கணவனை இழந்தவர், ஒரு பிள்ளையின் தாய், சுருக்கெழுத்து எழுதிச் சீவித்தவர். ஓய்வு நேரத்தில் இந்த மண்டபத்துக்கு நிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்யத் தொடங்கி, 1920 அளவில் அதன் முகாமையாளரே ஆகிவிட்டார். 1955 வரை நடத்தினார். பெண் என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்கள் என்று கடிதங்களில் எல். சி. நாஃப் என்றே கையொப்பமிட்டாராம். அவர் நடத்திய மண்டபத்திலேயே பெண் பாடகிகளுக்கு உடை மாற்ற அறை இருக்கவில்லை, மலசலகூடத்தில்தான் மாற்றினார்கள் என்பதும் சேர்ந்த கதை.

நாங்கள் கேட்டது கன்ரி ரொக் இசை. கிராமத்துப் பாட்டும் மின்கிற்றாரும் முரசுமாகச் சேர்ந்தது. 1968இல் த பேர்ட்ஸ் என்ற ரொக் குழு இதே மேடையில் கன்ரி பாடியபோது சபை அவர்களை வரவேற்கவில்லை. நீளமுடிப் பொடியன்களுக்கு எங்கள் பாட்டில் என்ன வேலை என்ற கோபம். இன்று அதே கலப்புக்கு வயதானவர்களும் எழுந்து கைதட்டுகிறார்கள்.

பாடகிக்கு நாற்பது வயதிருக்கும். முதற்பாட்டுகளுக்குப் பின் லொரெற்றா லின் பாடிய பாட்டொன்றைப் பாடினார். லொரெற்றா 2022இல் தமது 90ஆவது வயதில் காலமானவர். சுரங்கத் தொழிலாளியின் மகள். 15 வயதில் கலியாணம், அடுத்தடுத்துப் பிள்ளைகள். கருத்தடை மாத்திரை பற்றி அவர் 1975இல் வெளியிட்ட பாட்டைப் பல வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. எங்கள் முன்வரிசைக் கிழவிகள் இருவர் அவருடைய பெயரைக் கேட்டதுமே எழுந்து நின்றார்கள்.

மேடையின் ஓரத்தில் ஒருவர் மேசை போன்ற வாத்தியத்தின் முன் இருந்தார். பெடல் ஸ்ரீல் கிற்றார் என்றார் அக்கா. கிடையாகக் கிடக்கும் தந்திகளை இரும்புக் கட்டையால் தேய்த்து, காலால் பெடலை மிதிக்க, சுரம் வழுக்கி வழுக்கி அழும்.

பெடல் என்ற சொல்தான் என்னைப் பிடித்தது. வன்னியில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலம். அண்ணா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்கவைப்பான். நான் அலைவரிசை பிடிப்பேன். அவன் கை களைத்தால் பாட்டும் களைத்துப்போகும். "சுத்தடா அண்ணா" என்று கத்துவேன். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை.

அந்த நினைவோடு இருந்த நேரத்தில் அடுத்த பாட்டு பெருமுரசோடு வெடித்தது. வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்தது. மரவாங்கு அதிர்ந்தது. என் கைகள் குளிர்ந்து, மூச்சு முட்டியது. எழுந்து வாசல்பக்கம் போய்விட்டேன்.

அக்கா பின்னாலேயே வந்தார். ஒன்றும் கேட்காமல் தண்ணீர் வாங்கித் தந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பின், "இங்கே வந்த முதல் வருடம் யூலை நான்காம் திகதி வாணவேடிக்கைக்கு அம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்" என்றார். 1988இல், அன்ஃபால் நடவடிக்கையின்போது, அவருடைய தந்தையைக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. "சின்ன வயதில் நான் சிரித்தால் அப்பா வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானாகத்தான் நினைத்தேன்."

நான் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். பயிற்சியில் இரண்டு வாரமாக மற்றவர்களின் இழப்பைப் பற்றி அழகாகப் பேசியவள், என் வீட்டைப் பற்றி அவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை.

அந்தநேரம் பார்த்து அம்மாவின் அழைப்பு. எங்களுக்கு அங்கே இரவு ஒன்பது, ஊரில் அடுத்தநாள் காலை ஏழரை.

"என்ன பிள்ளை சத்தம்?"

"பாட்டுக் கச்சேரி அம்மா. பெடலை மிதிச்சு ஒரு வாத்தியம் வாசிக்கினம்."

அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. கோழிகள் கேட்டன. "அவன் இருந்திருந்தா அதைக் கழட்டிப் பாத்திருப்பான்" என்றார். பிறகு குரலை மாற்றி, "வெளியில நிண்டு கதையாத, குளிரும். உள்ள போய்க் கேள்" என்று வைத்துவிட்டார்.

உள்ளே போனோம். வாங்குக்குத் திரும்பாமல் கதவோரமாகவே நின்றோம். குவாத்தமாலாத் தோழி தூரத்தில் எழுந்து ஆடிக்கொண்டிருந்தாள். நான் ஆடவில்லை. ஆனால் அந்தப் பெடல்காரரின் காலையே பார்த்துக்கொண்டிருந்த என் கால், செருப்புக்குள் தாளம் போட்டது. அக்கா அதைக் கண்டார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, எங்கள் மூத்த அம்மா ஒன்றையே திரும்பக் கேட்டார்: "அவ்வளவு நேரமும் வெறும் மரவாங்கோ? பாய் கொண்டுபோகேல்லையோ?" சண்டைக்கு முன் முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பார்க்கப் பெண்கள் பாயும் போர்வையும் பிள்ளைகளுமாகப் போவதையும், விடியப் பனியோடு திரும்பி வருவதையும் சொன்னார். கணவர் போன பிறகு தான் ஒரு கூத்துக்கும் போகவில்லையாம். யாரும் மறிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை.

"வாற முறை கூத்துப் போட்டா நான் கூப்பிட வாறன் அம்மா" என்றேன்.

"நீ வந்தாப் போதும். பாய் நான் கொண்டுவாறன்" என்றார்.