பேசாத தாயும் பேசிய தாயும்

வட்டக்கோட்டை என்று பெயர் வைத்தவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வைத்ததாகத் தெரியவில்லை. நாலு மூலையும் திருத்தமாக உள்ள கோட்டை அது. அஞ்சுகிராமத்துப் பக்கம், கடலோரத்தில் கருங்கல் மதிலோடு நிற்கிறது. 1741இல் குளச்சல் போரில் தோற்ற டச்சுக்காரர் டிலனாய், பின்னால் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவுக்கே தளபதியாகி, அதைத் திருத்திக் கட்டினார் என்பது சரித்திரம். அந்த மதிலின் மேல் உட்கார்ந்துதான் போன வருஷம் ஒரு மாலை நேரத்தில் நானும் ஒரு பெரியவரும் சண்டை போட்டுக்கொண்டோம்.

பெரியவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அந்தப் பக்கத்து அமெச்சூர் நாடகக் குழு ஒன்றுக்கு ஆசிரியர், டைரக்டர், பொக்கிஷதார் எல்லாம் அவர்தான். என் நாவல் ஒன்றை நாடகமாக எழுதிக்கொண்டு வந்து என் சம்மதத்தைக் கேட்டார். நானும் சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். கடைசிக் காட்சியில் நின்றுவிட்டேன்.

நாவலில், வீட்டை விட்டு ஓடிப்போன மகன் ஆறு வருஷம் கழித்து நடுநிசியில் திரும்பி வருகிறான். தாய் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இருந்த பழையதைப் பிழிந்து வைக்கிறாள். பிறகு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். நாடகத்திலோ அவள் முக்கால் பக்கம் பேசினாள்!

"அண்ணாச்சி, இவள் பேச மாட்டாள்" என்றேன்.

"ஏன் பேச மாட்டா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் என் தாய். ஓடிப்போன மகன் யார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

"தம்பி, மேனகா சங்கதி தெரியுமா?" என்று ஆரம்பித்தார் பெரியவர்.

தெரியும். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' ஒரு காலத்தில் ஊண் உறக்கமில்லாமல் படிக்கப்பட்ட நாவல். வக்கீல் வராகசாமியின் மனைவி மேனகா. நாத்தனார் பெருந்தேவியும் சாமா ஐயர் என்பவரும் சேர்ந்து அவளை நைனா முகம்மது என்ற பணக்காரனிடம் விற்றுவிடுகிறார்கள். அவள் மானத்தைக் காப்பாற்றுகிறவள் அவன் மனைவி நூர்ஜஹானேதான். இதை மேடைக்கு எழுதியவர் எம். கந்தசாமி முதலியார்; நடிகர் எம். கே. ராதாவின் தகப்பனார். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்', 'சந்திரகாந்தா' முதலிய நாவல்களையும் அவர் நாடகமாக்கினார். அதுவரை தமிழ் மேடை பெரும்பாலும் புராணமும் பாட்டுமாக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கேட்டு வளர்ந்த டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கியவர்கள். அவர்கள் கம்பெனிக்குத்தான் முதலியார் இந்த நாவல்களைக் கொண்டுவந்தார். ராஜா வேஷமும் ரிஷி வேஷமும் போட்டுப் பழகிய பிள்ளைகள் வக்கீலாகவும் நாத்தனாராகவும் வசனம் பேச வேண்டியதாயிற்று. நாவலாசிரியர் பக்கம் பக்கமாகச் சொன்ன மனக் குமுறலை எல்லாம் பாத்திரங்கள் வாயால் சொல்லித் தீரவேண்டும். வேறு வழி ஏது?

மேடையோடும் அது நிற்கவில்லை. 1935இல் ராஜா சாண்டோவின் டைரக்ஷனில், சகோதரர்களே நடிக்கப் படமாயிற்று. சாமா ஐயராக வந்தவர் நம் ஒழுகினசேரி என். எஸ். கிருஷ்ணன். அவர் நடித்துத் திரைக்கு வந்த முதல் படம் அதுதான். நாவலில் வெறுப்பூட்டுகிற மனிதரை எந்தக் கலைவாணர் கையில் கொடுத்தார்கள், பாருங்கள்! 1955இல் மறுபடியும் படமெடுத்தார்கள்.

"வாயைத் தெறந்து பேசினதுனாலதான் மேனகா அத்தன காலம் இருந்தா" என்றார் பெரியவர். "பொஸ்தகத்திலே ஒம்ம தாயி பேசாம இருந்தா, படிக்கவன் அவ மனசக் கேப்பான். மேடையிலே பேசாம இருந்தா, பொறத்தால இருக்கப்பட்டவன் வெத்தல வாங்கப் போயிருவான்."

நான் மசியவில்லை. அவர் அடுத்த அம்பை எடுத்தார். நாகர்கோவில் சுந்தரராஜ் என்பவர், சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா'வை 1933இல் பேசாப் படமாக எடுத்தார். நாவல் வெளிவந்தது 1891இல். அதன் உரிமை பதிப்பாளரிடம் இருந்தது. வழக்கு வந்தது. படம் முடங்கிவிட்டது. 1974இல்தான் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"கோட்ட கட்டின ராசா நாப்பது வருசம் பெட்டிக்குள்ள கெடந்தாரு. ஒம்ம தாயும் கெடக்கணுமா? நீரு யோசியும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் உரிமைக்காக வாதாடினார் என்று சொல்ல முடியாது. பேசுவதைக் கேட்க ஆட்கள் வேண்டும் என்று வாதாடினார். அதுவரை என் மௌனத்தையே நான் பெரிய கலையாக நினைத்திருந்தேன். தாய் என்ன சொல்லியிருப்பாள் என்று எழுதிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது என்பதும் உண்மை. இருட்டுவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு கோயில் கொடையில் நாடகம் நடந்தது. அக்காளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். வசனம் நான் பயந்தபடியே கொஞ்சம் மிகைதான். "ஆறு வருசமா ஒனக்கும் சேத்துல்லா அரிசி போட்டேன்!" என்று அந்த அம்மாள் கதறினாள். என் தாய் அப்படிக் கதறுகிறவளே அல்ல என்று சொல்லத் திரும்பினேன். அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏல, அம்மை இப்பிடி ஒரு நாளாவது ஒன்னைய ஏசியிருக்கப்படாதா? எல்லாத்தையும் நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டுப் போயிட்டாளே!" என்றாள்.

நாவலின் அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை நான் மாற்றவில்லை. மாற்றச் சொல்லிப் பெரியவரும் கேட்கவில்லை. ஆனால், அவள் சோறுக்குப் போட்ட அரிசியின் கணக்கை இத்தனை காலமும் நான் நினைத்துப் பார்த்ததில்லை என்பது மட்டும், அந்தக் கொடை இரவிலிருந்து என்னை விட்டுப் போகவே இல்லை.